நெசவு வீடும் நெருப்பும்

(ஆரணி வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இலாகாக்காரன் ஒருவன் பேச எழுந்தால் கடன் பாக்கி, வட்டி, தவணை ஆகிய மூன்றையும் விட்டு வேறொன்றும் பேசமாட்டான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவற்றை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, நெருப்பைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். ஆலோசித்துப் பார்த்தால் இதுவும் கடன் விஷயந்தான். சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத் தொகையும், தறியும், தறியில் ஏற்றிய பாவும் ஒரு நாழிகையில் சாம்பலாகுமானால், முந்தின இரவு சுதந்தரனாகப் படுத்தவன் மறுநாட் காலையில் கடனாளியாக எழுந்திருக்கிறான்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதம் 14 ஆம் தேதி முதல் ஒரு வாரம் இந்தியா முழுவதும் தீயணைப்பு வாரமாக அனுசரிக்கப்படுகிறது. சித்திரை வெயில் காலமாகையால் அந்தத் தேதி வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. 1944 ஆம் வருஷம் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற போர்ட் ஸ்டிக்கைன் என்னும் கப்பலில் தீப்பற்றியது. அக்கப்பலில் பஞ்சுப் பொதிகளும் யுத்தத்துக்கான வெடிமருந்தும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. தீயணைப்போர் வந்து தண்ணீரைக் கொட்டியும் புகை அடங்கவில்லை. மாலை நாலு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்துச் சிதறியது. நூற்றுக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அவர்களில் 66 பேர் தீயணைக்கப் போன ஊழியர்கள். அவர்கள் ஞாபகார்த்தமாகவே இந்த வாரம் ஏற்பட்டது.

இச்சம்பவத்தில் நெசவுத்தொழில் செய்வோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. இறுகக் கட்டிய பஞ்சில் நெருப்புப் புகுந்தால் மேலே சுடர் தெரியாமல் உள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காது. பருத்தி நூற் கட்டுகளையும், கழிவுப் பஞ்சையும், எண்ணெய் துடைத்த துணிகளையும் மூலையில் அமுக்கிக் குவித்து வைக்கும் வீடுகளில் இதே காரியம் சிறிய அளவில் நடக்கக்கூடும். அணைந்துவிட்டது என்று நம்பி ஜனங்கள் உறங்கப் போன பிறகு, நடு இரவில் மறுபடியும் மூளும். பொதியில் பட்ட நெருப்பை வெளியே இழுத்துப் போட்டுப் பிரித்து நனைத்தாலன்றி அணைந்ததாகக் கருதலாகாது.

"எங்கள் வீட்டில் இருப்பது பஞ்சு அல்லவே, பட்டு அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அசல் பட்டுத்தானா என்று சோதிக்க ஓர் இழையைச் சுடரிலே காட்டும் வழக்கத்தை உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. மயிர் கருகும் நாற்றம் வரும். சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். கரியை விரலில் நசுக்கினால் பொடியாகும். பருத்தியைப் போல் பட்டு குப்பென்று பற்றுவதில்லை என்பது உண்மையே. ஆனால் தறி பட்டினால் மட்டும் ஆனதன்று. ஜக்கார்டு பெட்டிக்குக் கீழே தொங்கும் நூல்கள் பருத்தி, அதன் அட்டைகள் காகிதம், சட்டம் மரம், மேலே பல வீடுகளில் இன்னும் கீற்று. இவை எரியும்போது பட்டு மட்டும் என்ன செய்யும்? அதுவுமன்றிப் பாவு நஷ்டமாவதற்கு அது எரிய வேண்டுமென்பதில்லை. புகைக்கரி படிந்தாலும், அணைக்க ஊற்றிய தண்ணீரில் சாயம் கலங்கினாலும், அந்தப் பாவில் நெய்த புடவையை யார் வாங்குவார்?

மற்றொன்று உயிர் சம்பந்தமானது. பட்டும் கம்பளமும் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய விஷவாயு உண்டாகிறது. எரிகிற வீட்டில் சாகிறவர்களிற் பெரும்பாலோர் சுடரால் அல்ல, புகையாலேயே சாகிறார்கள். ஆகையால் வெளியே வந்துவிட்ட ஒருவர் பாவை அறுத்து எடுத்து வரலாமென்று திரும்பவும் உள்ளே நுழைவதைப் போன்ற அபாயம் வேறில்லை. ஏன் நுழைகிறார் என்பதை யோசிக்க வேண்டும். பேராசையால் அன்று, பாவு சங்கத்துடையது, அதன் கிரயம் தம் பேரில் பற்றெழுதப்படுமே என்னும் பயத்தால். இந்தப் பயத்தை நீக்குவது சங்கத்தின் கையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கீற்றுக் கூரையைப் பற்றிச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் 2004 ஆம் வருஷம் ஜூலை 16 ஆம் தேதி ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற் கொட்டகையில் எழுந்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னர் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் காரை வீடுகளாக மாற்றுவதற்கு 2010 இல் ஒரு திட்டமும், 2024 இல் கலைஞரின் கனவு இல்லம் என்ற பெயரில் மற்றொரு திட்டமும் சர்க்கார் ஏற்படுத்தியிருக்கிறார்கள். தகுதியுள்ளவர்கள் ஊராட்சி மூலம் மனுச் செய்துகொள்ளலாம். வீடு மாறுகிற வரையில் அடுப்புக்கு மேலுள்ள கூரைப்பகுதிக்கேனும் தகரம் அடித்துக்கொள்வதற்கு மனு வேண்டியதில்லை.

விறகு அடுப்பு போய் இப்போது ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் காஸ் அடுப்பு வந்துவிட்டது. புகையும் பொறியும் குறைந்தன. அதில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் குழித்தறி உள்ள வீட்டுக்கு இதனால் புதிய அபாயம் ஒன்று வந்திருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. ஆகையால் சற்று விரித்தே சொல்லுகிறேன். சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுள்ளது. கசிந்தால் அது மேலே எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விடாது. தண்ணீரைப் போலத் தரையிலே பரவிப் பள்ளத்தை நாடும். ஒரே கூடத்தில் ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் தறியும் இருக்கிற வீட்டில் பள்ளம் எது? நெசவாளர் கால் வைத்து மிதிக்கிற குழிதான். இராத்திரி கசிந்த காஸ் விடியற்காலை வரை அந்தக் குழியிலே தங்கியிருக்கும். நின்றுகொண்டிருப்பவருக்கு நாற்றம் சரியாகத் தெரியாது. தறியில் இறங்க வருகிறவர் மின்விளக்கைப் போட்டாலும், சுவாமி விளக்கை ஏற்றினாலும், அந்த ஒரு பொறி போதும்.

ஆகவே தறி உள்ள கூடத்தில் சிலிண்டரை வைக்காமலிருப்பதே உத்தமம். வேறிடமில்லாவிடில் படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடிவிடுவதை வீட்டிலுள்ள பெண்மக்கள் கதவைத் தாழிடுவதைப் போலவே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ரப்பர்க் குழாயை எலி கடிக்கும். ஆகையால் அடிக்கடி சோதிக்க வேண்டும். சோப்பு நுரையைத் தடவினால் கசிவுள்ள இடத்தில் கொப்புளம் எழும். தீக்குச்சியால் சோதிப்பது தற்கொலைக்குச் சமானம். நாற்றம் தெரிந்தால் மின்சார ஸ்விச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்துவிட்டு, குழியின் பக்கம் விசிறியோ முறமோ கொண்டு காற்றை வெளியே தள்ளிய பிறகே மற்றக் காரியம். காஸ் கசிவுக்கென்று 1906 என்ற டெலிபோன் இலக்கமும் இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை இலவசம் என்று 2023 முதல் சர்க்கார் உயர்த்தியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் யூனிட் உயர்ந்ததேயன்றிப் பழைய கம்பி உயரவில்லை. ஒரு விளக்குக்காகப் போட்ட கம்பியிலே விசிறி, மோட்டார், குளிர்பெட்டி, செல்போன் யாவற்றையும் மாட்டினால் கம்பி சுடும். சுவரில் மறைந்த இடத்தில் உருகும். சாயப்பட்டறை வைத்திருப்பவர்களும், பட்டு அவிப்பவர்களும், கொப்பரையின் அடியில் விறகு எரிகிறபோதே பக்கத்தில் நூல் உலர்த்தும் மூங்கிலைக் கட்டாமலிருந்தால் போதும். மற்றவை அவர்களுக்கே தெரியும்.

இனி வயலுக்குப் போவோம். நெசவாளர் கூட்டத்தில் வயல் எதற்கு என்று நினையாதீர்கள். ஆரணிப் பக்கத்தில் தறியும் நெல்லும் ஒரே குடும்பத்தில் இருப்பது அபூர்வமன்று. நிலமில்லாத நெசவாளர் வீட்டுக்கும் பத்தடி தூரத்தில் யாரோ ஒருவருடைய வைக்கோற்போர் நிற்கிறது. நன்றாக உலராத வைக்கோலை அவசரமாகப் போர் போட்டால், உள்ளே புழுங்கிச் சூடேறி, நெருப்பு வைப்பாரின்றியே பற்றுவதுண்டு. பகையாளி கொளுத்திவிட்டான் என்று போலீஸ் ஸ்டேஷன் வரையில் போகும் வழக்குகளில் சில இவ்வகையைச் சேர்ந்தவையாயிருத்தல் கூடும். போரினுள்ளே ஓர் இரும்புக் கம்பியை ஆழமாகச் செருகி, சிறிது நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையால் பற்ற முடியாத சூடிருந்தால் உள்ளே அபாயம் முற்றிவிட்டது. அப்போது போரைச் சரேலென்று கலைத்தால் காற்றுப் புகுந்து சுடராகும். தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, தீயணைப்போரையும் அழைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். போரை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் எட்டத்தில் போடுவதும், பெரிய போர் ஒன்றுக்குப் பதிலாக இடைவெளி விட்டுச் சிறிய போர் இரண்டு போடுவதும் செலவில்லாத உபாயங்கள்.

முன்பு அரிவாளால் அடியோடு அறுத்தோம். வைக்கோல் மாட்டுக்குப் போயிற்று. இப்போது அறுவடை இயந்திரம் தாளை நிற்க விட்டுப் போகிறது. கரும்புக் கொல்லையிலும் சோகை குவிகிறது. அடுத்த போகத்துக்கு நாளில்லை, ஆளில்லை என்று ஒரு தீக்குச்சியில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு டன் நெல் வைக்கோலை எரித்தால் அதனுடன் 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பற்சத்தும் நஷ்டமாகின்றன என்று விவசாய நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நமது சங்கங்களிலேயே கடன் வாங்கி மூட்டை மூட்டையாக உரம் வாங்குகிறவர் தம் வயலில் உள்ள உரத்தைத் தாமே கொளுத்துவதைக் காண எனக்கு வருத்தமாயிருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பலர் கேட்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. மனித உயிருக்கு அபாயம் உண்டாகும்படி நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாளுகிறவருக்கு, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 287 ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1981 ஆம் வருஷத்துக் காற்று மாசுச் சட்டப்படி, குறிப்பிட்ட பிரதேசங்களில் எரிபொருளல்லாத எப்பொருளையும் எரிப்பதைத் தடுக்க ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரமுண்டு. திறந்த வெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் விதிக்கத்தக்கது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. டில்லியைச் சூழ்ந்த ராஜ்யங்களில் வயற்றாளை எரிப்பவர் மீது, நிலத்தின் பரப்புக்குத் தக்கபடி 5,000 முதல் 30,000 ரூபாய் வரை வசூலிக்கலாமென்று 2024 நவம்பரில் உயர்த்தினார்கள். அந்த அளவுக்கு நம் பக்கத்தில் வரவில்லை. வராமலிருக்கும்படி நடந்துகொள்வது நமக்கே நல்லது.

போகிப் பண்டிகை வருகிறது. பழைய பாயும் துடைப்பமும் எரித்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கிறார்கள். 2018 ஆம் வருஷம் போகியன்று சென்னையில் பனியும் புகையும் கலந்து ஆகாய விமானங்களே இறங்க முடியாமற் போயின. தீபாவளிக்கோ, 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பின்பு, காலை 6 முதல் 7 வரையிலும், மாலை 7 முதல் 8 வரையிலும் பட்டாசு வெடிக்கலாமென்று நமது சர்க்கார் நேரம் வகுத்தார்கள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில்தான் நெசவாளர் சங்கக் கிடங்கிலும் அங்கத்தினர் வீடுகளிலும் சரக்கு நிரம்பியிருக்கும். அதே வாரத்தில்தான் சிறுவர் கையில் வாணமும் இருக்கும். கிடங்கின் ஜன்னல்களுக்கு அந்தச் சில நாட்களிலாவது கம்பி வலை அடித்து, தெருப்பக்கத்தை மூடி வைப்பது பெரிய செலவன்று.

ஜவ்வாது மலைச் சரிவுகளில் மாடு மேய்ப்போரும் விறகுக்குப் போவோரும் வனச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 1882 ஆம் வருஷத்து வனச் சட்டம் நம் பக்கத்தில் இன்றளவும் ஆட்சி செய்கிறது. ரிசர்வ் காட்டில் தீ வைப்பதும், காட்டுக்கு அபாயம் வரும்படி நெருப்பு மூட்டுவதும், மூட்டியதை அணையாமல் விட்டுப் போவதும் அதன்படி குற்றங்கள். வேறு ராஜ்யங்களில் வழங்கும் 1927 ஆம் வருஷத்துச் சட்டமோ இன்னும் கடினமானது; வேண்டுமென்றே வைத்ததாலோ பெரும் அஜாக்கிரதையாலோ காடு எரிந்தால், அந்தக் காட்டில் ஊரார் அனைவருக்குமுள்ள மேய்ச்சல் உரிமையையே சர்க்கார் நிறுத்தி வைக்கலாம். ஒருவர் எறிந்த பீடித்துண்டுக்கு ஊர் மாடுகளெல்லாம் பட்டினி. காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்குத் தேனி ஜில்லாவிலுள்ள குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 ஆம் தேதி நடந்ததே போதும். மலையேறச் சென்ற கூட்டத்தார் சரிவிலே அகப்பட்டு 23 பேர் இறந்தார்கள். சமதரையைவிடச் சரிவில் தீ விரைந்து ஏறும். பத்து டிகிரி சரிவுக்கு வேகம் இரட்டிக்கும் என்பது நிபுணர் கணக்கு. ஆகையால் மலையில் தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். 2025 இல் வனத்துறையார் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை மூடி வைத்ததும் இக்காரணம் பற்றியே. யாரும் பார்க்கவில்லை என்று எண்ணுவதற்கும் இப்போது இடமில்லை. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள் கண்ட நெருப்பு டேராடூனிலுள்ள வன அளவை நிலையத்தின் மூலம் வன அதிகாரிகளின் செல்போனுக்குச் செய்தியாக வந்து சேர்கிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் என்னும் மாகாணத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை அங்கே நெருப்பு அபாய காலம். அந்த மாதங்களில் தன் சொந்த நிலத்தில் தாள் எரிக்க விரும்பும் குடியானவரும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். சீட்டுக்குக் கட்டணம் இல்லை. எரிக்கும் முன் அக்கம்பக்கத்தாருக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். காற்றும் வெயிலும் மிகுந்த நாளில் பூரணத் தடை பிறப்பித்தால், கையிலுள்ள சீட்டு அன்றைக்குச் செல்லாது. இம்முறையில் எனக்குப் பிடித்த அம்சம் சீட்டு அன்று, பக்கத்து நிலத்தாரிடம் சொல்லவேண்டும் என்பதே. நம் நாட்டில் வயல் நெருப்புக்குச் சீட்டு வாங்கும் வழக்கம் பரவவில்லை. ஆனால் பக்கத்து நிலத்தாருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டிச் சொல்லாமலும், வரப்போரத்தைச் சுற்றி உழுது வெறுந்தரையாக்காமலும், ஆடிக் காற்றிலோ சித்திரை உச்சிப்பொழுதிலோ தீ வைப்பதில்லை என்று ஒரு விவசாயச் சங்கம் தன் அங்கத்தினருக்குள் தீர்மானம் செய்துகொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இனி, முன்பு சொல்லி வைத்த பாவு விஷயம். பெரும்பாலான சங்கங்கள் கிடங்கை இன்ஷூர் செய்திருக்கின்றன. சபையில் பாலிஸியைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்குவோர் சிலரே இருப்பார்கள். நெருப்பு இன்ஷூரன்ஸ், பாலிஸியில் குறித்த இடத்திலுள்ள சரக்குக்கே செல்லும். கிடங்கு விலாசம் மட்டும் எழுதியிருந்தால், அங்கத்தினர் வீட்டுத் தறிகளில் ஏறியிருக்கிற பாவுக்கும், பிரித்துக் கொடுத்த ஜரிகைக்கும் ஒரு காசும் வராது. சங்கச் சரக்கில் பெரும்பகுதி எங்கே இருக்கிறது? வீடுகளில். ஆகவே வீடுகளிலுள்ள சரக்கையும் சேர்த்து எழுதும்படி கம்பெனியைக் கேட்க வேண்டும்; அங்கத்தினர் பெயரும் கதவிலக்கமும் கொண்ட ஜாபிதா ஒன்று அதற்கு வேண்டும்.

தொகையிலும் ஒரு கண்ணி உண்டு. இருபது லட்சம் ரூபாய்ச் சரக்கைப் பத்து லட்சத்துக்கு இன்ஷூர் செய்து, நாலு லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்தால், நாலு லட்சமும் கிடைக்குமென்று நினைக்கிறோம். கிடைப்பது இரண்டு லட்சம். பாதி மதிப்புக்குப் பிரீமியம் கட்டியவர் பாதி நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஐந்து கோடி ரூபாய்க்கு உட்பட்ட தொழில்களுக்கென்று 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் பாலிஸியில், நூற்றுக்குப் பதினைந்து வரை குறைவாக எழுதியிருந்தால் மன்னிக்கிறார்கள். அதற்கு மேல் இல்லை. ஆதலால் தீபாவளிக்கும் முகூர்த்த காலத்துக்கும் சரக்கு ஏறும் அளவைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். ஆடி மாதத்து இருப்பைப் பார்த்தல்ல. சரக்குப் பதிவேட்டின் நகல் ஒன்று கிடங்குக்கு வெளியே வேறிடத்தில் இருப்பதும் அவசியம். கிடங்கோடு கணக்கும் எரிந்தால் நஷ்டத்தை எதைக் கொண்டு ருசுப்படுத்துவது? தணிக்கை மாதத்தில் ரிக்கார்டு அறையில் மட்டும் பற்றுகிற நெருப்பைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது வேறு இலாகா விஷயம்.

வீட்டுப் பாவு இன்ஷூரன்ஸில் சேர்ந்த பிறகு, நெருப்பில் போன பாவின் கிரயம் அங்கத்தினர் பேரில் பற்றெழுதப்படாது என்று நிர்வாகக் குழு தீர்மானம் செய்து, அதை அச்சிட்டு ஒவ்வொரு தறி வீட்டிலும் ஒட்ட வேண்டுமென்பது என் யோசனை. படித்துப் பார்த்தவர் எரிகிற வீட்டுக்குள் திரும்பிப் போகமாட்டார். அதே காகிதத்தில் தீயணைப்பு நிலையத்துக்குரிய 101, அவசர உதவிக்குரிய 112 ஆகிய இலக்கங்களையும் பெரிய எழுத்தில் போடலாம். அழைக்கும்போது முதலில் தெருவையும் அடையாளத்தையும் சொல்லுங்கள். எப்படிப் பற்றியது என்ற கதையைப் பிறகு சொல்லலாம். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும். உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்துப் புரள வேண்டும். சுட்ட இடத்தில் மையும் மாவும் பற்பசையும் பூசாமல், இருபது நிமிஷம் குளிர்ந்த நீரை ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உங்கள் சங்கத்துப் பாலிஸியின் நகலைக் காரியதரிசி அவர்கள் இந்த மேஜைமேல் வைத்திருக்கிறார். இரண்டாவது பக்கத்தில் எந்த விலாசம் எழுதியிருக்கிறது என்பதைப் போகுமுன் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.